எல்லோரும் பிஸி, ஆனால் எதுவும் முடிவதில்லை

என்னிடம் ஒரு காலத்தில் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. இடப்பக்கம் டீமில் இருந்த பதினோரு பேரின் பெயர், மேலே வாரவாரியாகத் தேதி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அந்த வாரம் எத்தனை சதவீதம் புக் ஆகியிருக்கிறார் என்று ஒரு எண். நூறைத் தொட்டால் கட்டம் பச்சையாகும், எழுபதுக்குக் கீழே போனால் சிவப்பாகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்து, எங்கெல்லாம் சிவப்பு தெரிகிறதோ அங்கெல்லாம் ஏதாவது ஒரு வேலையைத் திணித்துப் பச்சையாக்கிவிட்டு நிம்மதியாகக் கிளம்புவேன். இதைத்தான் மேனேஜ்மென்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போதாததற்கு இதுதான் லீன் என்ற நிர்வாக முறை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். லீன் என்றால் விரயத்தை ஒழிப்பது, சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய விரயம் என்ன இருந்துவிட முடியும்?

ஷீட் முழுக்கப் பச்சையாக இருந்த அந்த வருஷம் நாங்கள் வெளியே விட்ட ரிலீஸ் ஒன்றே ஒன்று. அதுவும் ஐந்து மாதம் தாமதமாக.

நாங்கள் செய்வது சென்சார் வைத்த ஒரு சின்னக் கருவி, அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர், கூடவே ஒரு மொபைல் ஆப். எலெக்ட்ரானிக்ஸ், பிளாஸ்டிக், மென்பொருள் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும், மூன்றில் எது பிந்தினாலும் மற்ற இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்த ரிலீஸ் தள்ளிப்போன எரிச்சலில் ஒரு நாள், அதிலிருந்த ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்து அதன் ஜாதகத்தைத் தோண்டினேன். பெரிய வேலை இல்லை, பேட்டரி குறைந்தால் ஆப்பில் எச்சரிக்கை காட்ட வேண்டும், அவ்வளவுதான். பழைய மெயில்கள், கோட் உள்ளே போன தேதிகள், டெஸ்டிங் பதிவுகள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நீளமான தாளில் நாள் நாளாகக் கோடு போட்டேன். வேண்டும் என்று கேட்டதிலிருந்து பயன்படுத்துபவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது வரை 91 நாள். அதில் யாராவது ஒருவர் கை வைத்து உண்மையில் வேலை பார்த்தது ஆறு நாள். மீதி நாளெல்லாம் அது எங்கேயோ உட்கார்ந்திருந்தது. டிசைனருக்கு வேறு நான்கு வேலை இருந்ததால் அவர் மேஜையில் மூன்று வாரம், படம் தயாரானதும் மாதம் ஒருமுறை நடக்கும் அப்ரூவல் மீட்டிங்குக்காகப் பதினெட்டு நாள், அப்புறம் ஃபர்ம்வேர், அப்புறம் டெஸ்டிங். டெஸ்டிங்கில் மட்டும் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தத் தாளைப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆட்கள் ஒருத்தரும் சும்மா இல்லை, என் பச்சைக் கட்டங்களே அதற்குச் சாட்சி. வேலைதான் சும்மா கிடந்தது. நான் அத்தனை நாளும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர வேலையைப் பார்க்கவே இல்லை.

லீன் எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொயோட்டாவின் கதை நெசவிலிருந்து தொடங்குகிறது, சாகிச்சி டொயோடா செய்த தறி நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும், ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று காவல் காக்க வேண்டாம். பின்னாளில் டொயோட்டாவின் உற்பத்தி முறையை வளர்த்தெடுத்த தைச்சி ஓனோவும் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் குடும்பத்தின் நெசவு நிறுவனத்தில்தான், 1943-இல்தான் கார் பக்கம் வந்தார். லீன் என்ற பெயர் ஜப்பானில் வைத்ததே இல்லை, 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு கட்டுரையில் வந்த பெயர் அது. ஓனோ பட்டியல் போட்ட ஏழு விரயங்களில் காத்திருப்பும் உண்டு, தேங்கிக் கிடக்கும் சரக்கும் உண்டு, ஆனால் அவர் எல்லாவற்றிலும் மோசமானதாகச் சொன்னது தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதை, ஏனென்றால் மற்ற விரயங்களை மறைத்துவைப்பதே அதுதான்.

இங்கேதான் நான் தடுக்கி விழுந்திருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் தேவைக்கு மேல் செய்தால் அது கண்ணில் படும். பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள், நடக்க இடம் இருக்காது, கணக்கு எழுதுபவர் வந்து இவ்வளவு பணம் இதில் முடங்கியிருக்கிறது என்று கத்துவார். நம் வேலையில் தேங்கிக் கிடக்கும் சரக்கு என்பது பாதி எழுதிய கோட், யாரும் இன்னும் படிக்காத டிசைன் ஆவணம், டெஸ்ட் ஆகாத சர்க்யூட் போர்டு, முடிவெடுக்காமல் விட்ட ஒரு கேள்வி. எல்லாம் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது, யார் காலிலும் இடறாது. அதனால் எங்களிடம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று யாரும் எண்ணியதே கிடையாது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேருக்கு நடுவில் தொடங்கி முடியாமல் கிடந்தவை 47.

சரி, அதிகமாகத் தொடங்கினால் என்ன தப்பு, எல்லாம் ஒரு நாள் முடியத்தானே போகிறது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்கான பதில் மேனேஜ்மென்ட் ஆட்களிடமிருந்து எனக்குக் கிடைக்கவில்லை, வரிசைகளைப் பற்றிய கணிதத்திலிருந்து கிடைத்தது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது, மிக எளிமையானது: கைவசம் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்துக்கு எத்தனை முடிகிறது என்பதால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போகச் சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது கிடைத்துவிடும். வரத்தும் போக்கும் ஓரளவு சீராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. எங்களிடம் 47 இருந்தது, வாரத்துக்கு நான்கு முடித்துக்கொண்டிருந்தோம், ஆக ஏறத்தாழ பன்னிரண்டு வாரம். என் 91 நாள் வேலை அதிசயமாக ஏதும் மாட்டிக்கொள்ளவில்லை, அதுதான் எங்கள் வழக்கமான வேகம்! ஆட்களைத் திட்டியோ ராத்திரி உட்கார வைத்தோ அதை மாற்ற முடியாது. வகுக்கப்படும் எண்ணைக் குறைத்தால்தான் மாறும்.

அதே 1961-இல் இன்னொரு ஜான், ஜான் கிங்மன், வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு தோராயமான சூத்திரம் கொடுத்தார். என் பச்சை ஷீட்டைக் குப்பையில் போட வைத்தது அதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரே ஒரு ஆள், அவரிடம் வேலைகள் எப்போது வரும் என்றும் தெரியாது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நேரத்தில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலைக்கு ஆகும் நேரம் அளவுக்குக் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பினால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது. நூறை நெருங்க நெருங்க முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும். இது எளிமைப்படுத்திய கணக்குதான், நிஜத்தில் எண்கள் கூடக்குறைய இருக்கும், ஆனால் அந்த வளைகோட்டின் வடிவம் மாறாது, முதலில் மெதுவாக ஏறிக் கடைசியில் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். சாலையில் வண்டி ஓட்டும் யாருக்கும் இது உள்ளூரத் தெரியும், பாதி நிரம்பிய சாலையில் பறக்கலாம், முழுக்க நிரம்பிய சாலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் டிராஃபிக் ஜாம். அப்படி ஒரு ஜாமை வாரவாரம் வெள்ளிக்கிழமை என் கையாலேயே உருவாக்கிவிட்டு நிம்மதியாகக் கிளம்பியிருக்கிறேன்.

தொழிற்சாலைக்கும் இதே கணிதம்தான், ஆனால் அங்கே ஒவ்வொரு பொருளும் முந்தையதைப் போலவே இருக்கும், ஏறத்தாழ ஒரே நேரம் பிடிக்கும். மாறுபாடு குறைவாக இருந்தால் வரிசையும் குறைவாக இருக்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாக நிரப்பினாலும் தாங்கும். நம் வேலையில் இரண்டு நாள் என்று நினைத்தது இரண்டு வாரம் ஆவது யாருடைய தப்பும் இல்லை, தெரியாததைத் தேடிப் போனால் அப்படித்தான். ஒரு கார் செய்தால் அடுத்த காரும் அதேபோல் வர வேண்டும், ஆனால் ஒரு டிசைனை முடித்துவிட்டு மறுபடியும் அதே டிசைனை யாராவது செய்தால் அதுதான் வெட்டி வேலை. ஆகவே மாறுபாட்டை ஒழி என்ற தொழிற்சாலைப் பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபமே வருகிறது. ஏழு விரயங்களையும் ஏழு வண்ணத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, தோற்றுப்போன சோதனைகளைக் குறைபாடு என்ற தலைப்பில் எண்ணிக்கொண்டிருந்த ஒரு ஆலோசகரிடம் நாங்கள் இரண்டு நாள் பயிற்சி எடுத்தோம். சோதனை தோற்கவே கூடாது என்றால் விடை ஏற்கெனவே தெரிந்ததை மட்டும்தான் சோதிக்க முடியும்.

என்ன மாற்றினோம் என்றால், முதலில் ஒரு பலகையில் வேலையின் நிலைகளுக்கு நான்கு கட்டம் போட்டு, வேலைக்கு ஒரு அட்டை என்று ஒட்டி, ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு எண் எழுதினோம். டெஸ்டிங் என்றால் நான்கு, அதற்கு மேல் அட்டை உள்ளே வரக்கூடாது. டெஸ்டிங் நிரம்பியிருந்தால் ஃபர்ம்வேர் எழுதுபவர் அடுத்ததைத் தொடங்கக்கூடாது, போய் டெஸ்டிங்கில் கை கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம், செய்யும்போது சண்டை. கோட் எழுதுபவர்களுக்கு டெஸ்ட் செய்வது மரியாதைக் குறைவு, டெஸ்ட் செய்பவர்களுக்கு இவர்கள் வந்து எதையாவது கெடுத்துவிடுவார்களோ என்ற பயம். எல்லோரையும்விட அதிகமாகத் துடித்தவர் என் மேலதிகாரி.

"என்னங்க, ஹார்டுவேர் ஆளுங்க ரெண்டு பேரும் நேத்துலேர்ந்து சும்மா இருக்கிற மாதிரி தெரியுதே?"

"சும்மா இல்லை சார், டெஸ்டிங்ல உதவி பண்றாங்க."

"அது அவங்க வேலை இல்லையே. அந்தப் புது சென்சாரை ஆரம்பிக்கச் சொல்லுங்க."

"ஆரம்பிக்கலாம் சார், ஆனா முடிக்க ஆள் இல்லை."

இதைச் சொல்லிவிட்டு நானே கொஞ்சம் பயந்துதான் போனேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு மாதம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதத்தில் 47 என்பது 19 ஆனது, ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக ஐந்து வாரத்துக்குக் கீழே வந்தது. ஆட்கள் அதே ஆட்கள், யாரும் வேகமாக வேலை செய்யவில்லை. சொல்லப்போனால் ராத்திரி உட்காருவது குறைந்தது.

அவசரம் என்ற சொல்லும் இதில் மாட்டிக்கொண்டது. எங்கள் பட்டியலில் முதல் முன்னுரிமை என்று குறித்தவை பதினான்கு இருந்தன, பதினான்கு பேர் முதலாவதாக வந்தால் அது பந்தயமே இல்லை. யார் கத்துகிறார்களோ அவர் வேலை முதலில் என்றுதான் நடந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: இது ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன நஷ்டம்? பணமாகச் சொல்ல முடிந்தால் பணமாக, முடியாவிட்டால் யார் எதைச் செய்ய முடியாமல் போகும் என்று. பாதிக்கு மேல், ஒன்றும் ஆகாது என்ற பதில்தான் வந்தது, கேட்டவரே சிரித்துவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது. தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும் அது எல்லா வேலைக்கும் ஒரே விலை இல்லை என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்ரூவல் மீட்டிங்கை மாதம் ஒன்றிலிருந்து வாரம் ஒன்றாக்கி, நேரத்தை மூன்று மணியிலிருந்து அரை மணியாகக் குறைத்தோம். இதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உடனே பலித்தது, ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள்.

நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது வேறு ஒன்றைப் பற்றி. வரிசையைக் குறைப்பது எல்லாம் சரி, ஆனால் தப்பான பொருளை வேகமாகச் செய்து என்ன பயன்? புதிதாக ஒன்றைச் செய்யும்போது அன்றாடம் நாம் உண்மையில் உற்பத்தி செய்வது அறிவுதான், எது வேலை செய்யும், எது செய்யாது என்ற அறிவு, கடைசியில் வெளியே வரும் பொருள் அதில் விளைந்தது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டொயோட்டாவிலிருந்து வந்தது இல்லை, ரைட் சகோதரர்களிடமிருந்து. 1900-இலும் 1901-இலும் அவர்கள் செய்த கிளைடர்கள் கணக்குப்படி தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்கவில்லை. மூன்றாவதாக ஒன்றை உடனே கட்டிப் பார்த்திருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை, ஆறடி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து அதற்குள் காற்றை ஊதவிட்டு, ரம்பத்தின் பிளேடும் சைக்கிள் ஸ்போக் கம்பியும் வைத்து ஒரு தராசு செய்து, சின்னச் சின்ன இறக்கை வடிவங்களாக ஏறத்தாழ இருநூறைச் சோதித்தார்கள். அதுவரை பலரும் நம்பிவந்த ஒரு எண்ணே தப்பு என்று தெரியவந்தது. 1902-இல் கட்டிய கிளைடர் ஒழுங்காகப் பறந்தது, அதற்கு அடுத்த வருஷம் டிசம்பரில் எஞ்சின் வைத்ததும் பறந்தது. கையளவு தகடு ஒன்றைச் சோதிப்பதும் ஒரு முழுக் கிளைடரைக் கட்டி விழுந்து எழுந்து பார்ப்பதும் சொல்வது ஒரே விஷயத்தைத்தான் என்றால், எதை முதலில் செய்ய வேண்டும் என்று யாருக்கும் விளங்கும். எங்களுக்கு மட்டும் விளங்கவில்லை.

எங்கள் கருவியின் வெளி உறை எப்படி இருக்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்து, அழகான படம் வரைந்து, எல்லோரும் கைதட்டி, அந்தப் பிளாஸ்டிக் உறையை வார்க்கும் அச்சை, அதாவது மோல்டை, வெட்டக் கொடுத்துவிட்டோம். மோல்டு வந்து, போர்டை உள்ளே வைத்து மூடிய பிறகுதான் தெரிந்தது, பேட்டரி ஆன்டெனாவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, அதன் உலோக உறை சிக்னலைப் பாதியாக்கிவிடுகிறது என்று. பேட்டரியை நகர்த்த உறையில் இடம் இல்லை. மோல்டை மறுபடி வெட்டினோம். உலோகம் பக்கத்தில் வந்தால் ஆன்டெனா கெடும் என்பது எங்கள் ரேடியோ இன்ஜினியருக்குத் தெரியாத விஷயமா என்ன, அவரை யாரும் கேட்கவில்லை, அவர் அப்போது வேறொரு வேலையில் நூறு சதவீதம் பச்சையாக இருந்தார்.

டொயோட்டாவில் புதிய கார்களை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று ஆலன் வார்டு என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1995-இல் எழுதியபோது சொன்னது இதற்கு நேர் எதிரானது. அங்கே ஒரு விடையைச் சீக்கிரம் தேர்ந்தெடுத்து அதைத் திருத்திக்கொண்டே போவதில்லை, பல விடைகளை ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொண்டு, சோதனையில் தேறாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார்கள், முடிவைத் தள்ளிப்போடுகிறார்கள், அப்படியிருந்தும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் முடிக்கிறார்கள். படிக்கும்போது நம்பவே தோன்றாது. அடுத்த கருவிக்கு நாங்கள் மூன்று உள் அமைப்பு, இரண்டு வகை பேட்டரி என்று எல்லாவற்றையும் திறந்தே வைத்திருந்தோம், உறையை 3டி பிரிண்டரில் கரடுமுரடாக அச்சடித்து, சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது, பேட்டரி எத்தனை நாள் வருகிறது என்று அளந்தோம். தகவல் அனுப்பும் இடைவெளியை நீட்டினால் பேட்டரி ஆயுள் எப்படி ஏறுகிறது என்று ஒரே ஒரு வளைகோடு வரைந்து சுவரில் ஒட்டினோம். ரேடியோதான் அதிகம் மின்சாரம் குடிக்கிறது, அதனால் முதலில் கிடுகிடுவென ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் பேட்டரி தானாகவே வடிவது தடுப்பதால் தட்டையாகிவிடுகிறது. அந்தத் தட்டையான இடம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்ததும், ஆறு மாதமாக நடந்துகொண்டிருந்த ஒரு விவாதம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. மூன்று அமைப்பில் இரண்டு குப்பைக்குப் போயின. இது விரயம் இல்லையா என்று மேலதிகாரி கேட்டார், இரண்டாவது மோல்டுக்கு ஆன செலவை எடுத்துக் காட்டினேன், அப்புறம் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மோல்டு வெட்டிக் கொடுப்பவர்களிடம் இருக்கும் வரிசை எங்கள் பலகையில் தெரியாது, அவர்கள் எத்தனை வேலையை ஒன்றாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அங்கே இன்னும் ஏழெட்டு வாரம்தான். இப்போதைக்கு முடிவெடுப்பதற்கு முன்பே அவர்களிடம் தேதியை மட்டும் பிடித்துவைத்துவிட்டு, வரைபடத்தைக் கடைசி நாள் வரை தராமல் இழுக்கிறோம், அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் டெஸ்டிங் கட்டத்தில் ஐந்தாவதாக ஒரு அட்டை இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் மேலதிகாரியுடையது.